ஓமனாவிடம் நீயே சொல்

மக்களே, என் மகளே,

நீ பிளேன் ஏறிப் போன அன்று, விமான நிலையத்து வாசலில் டிராலியைத் தள்ளிக்கொண்டே திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாய். "அப்பா, நான் இனிமே வாழைக்குலை அனுப்பப் போறதில்லைன்னு ஓமனா சேச்சிகிட்ட நீங்களே சொல்லிடுங்க." நானும் சரியென்று தலையாட்டினேன். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. உன் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். நான் ஆட்டோக்காரனிடம் பேரம் பேசப் போய்விட்டேன். ஓணம் கழிந்த கையோடு நடந்தது அது. இப்போது பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிறது. இன்னும் நான் ஓமனாவிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று விளக்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் பேசினால் "சரிப்பா, இங்க மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார். வேறு யார் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. சாலைக் கம்போளச் சந்தையில் பாதிப் பேருக்கு உன் சரக்கு கெட்டுப்போனது தெரியும், மீதிப் பேர் தெரியாத மாதிரி நடிக்கிறார்கள்.

எனக்குக் கோபம் இருக்கிறதா என்று நீ கேட்கலாம். இருக்கிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. உன்மேல் என்று சொல்ல மனசு வரவில்லை. ஓமனாமேல் என்றால் எனக்குத்தான் பாவம். கப்பல்காரன் முகத்தை நான் பார்த்ததே இல்லை. கோபத்துக்கு ஓர் ஆள் வேண்டாமா? ஆள் கிடைக்காத கோபத்தை உன் அம்மாவிடம் காட்டி, அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

நம் கடைக்குக் குலை வராத நாளே கிடையாது. உன் தாத்தா களக்காட்டிலிருந்து லாரியில் வந்து இறங்கிய காலம் முதல் சாலைச் சந்தையில் நம் தொழில் வாழைக்குலைதான். களக்காட்டுக் குலையும் வரும், பாறசாலைக் குலையும் வரும். நீதான் அந்தக் குலைகளைப் பார்த்து, "இது எதுக்குப்பா நம்ம ஊர்த் தம்பானூரோட நிக்கணும்?" என்று கேட்டாய். படித்த படிப்பு கேட்க வைத்தது. ஐரோப்பாவில் நம் ஆட்கள் எத்தனை பேர், ஏத்தங்காய் வறுத்த உப்பேரிக்கும் புட்டோடு தின்கிற பழத்துக்கும் எப்படி ஏங்குகிறார்கள், விமானத்தில் அனுப்பினால் என்ன கூலி, கப்பலில் அனுப்பினால் என்ன கூலி என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் நீ பேசிக்கொண்டே போவாய், குழம்பு ஆறிப்போகும். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். புரிந்தது கால், புரியாதது முக்கால். ஆனால் உன் முகத்தைப் பார்க்க நன்றாக இருக்கும். அதற்காகவே ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு உன்னைப் பேசவிட்டேன்.

ஓமனாவை நீ கண்டுபிடித்தது அப்போதுதான். பாறசாலைக்கு உள்ளே, தாழ்ந்த வயலை மேடாக்கி நேந்திரன் ஏத்தவாழை போட்டிருந்தாள். புருஷன் வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியபின் முதுகு போய்ப் படுத்துவிட்டார். வயல் முழுக்க அவள் பொறுப்பு. அந்தப் பக்கத்து விவசாயிகள் எல்லாரையும் நீ நூலகத்துத் திண்டில் உட்காரவைத்துப் பேசினாய். ஐரோப்பாக்காரர்கள் ஒத்துக்கொள்கிற மருந்து மட்டும்தான் அடிக்க வேண்டும், அதுவும் வெட்டுவதற்கு முன்னால் இத்தனை நாள் தொடக் கூடாது, குலைக்கு உறை போட வேண்டும், எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும் என்றாய். அதுவரை தலையாட்டினார்கள். "குலையை முக்கால் மூப்பில் வெட்டணும்" என்றதும்தான் ஆளாளுக்கு எழுந்துவிட்டார்கள். முழு மூப்பு விடாமல் வெட்டினால் எடை போச்சு. ஓணத்துக்குச் சந்தையில் நிமிர்ந்து நிற்க வேண்டிய குலையைப் பாதி வளர்த்தியில் அறுப்பது அவர்களுக்குப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் நிறுத்துவது மாதிரி. நானே கடைக்காரன், எனக்கே கை வராது. அப்போது பின்வரிசையில் இருந்து ஓமனா எழுந்து, "மோள் பறயறது எனக்குப் புரியுது. கப்பல்ல பழுத்துப் போச்சுன்னா அங்க போய்ச் சேரறது என்ன? நான் வெட்டறேன்" என்றாள். அவள் வெட்டுகிறேன் என்றதால்தான் மற்றவர்கள் வெட்டினார்கள். அதை நீயும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. பிறகு நடந்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தையின் கடன்பாட்டில் நடந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கன்டெய்னர் வந்து நின்ற காலை உனக்கு ஞாபகம் இருக்கும். வைகாசி. வெள்ளைப் பெட்டி, பின்னால் உறுமுகிற மெஷின், உள்ளே எட்டிப் பார்த்தால் குளிர் மூஞ்சியில் அடிக்கிறது. பிள்ளைகளெல்லாம் உள்ளே ஓடி ஓடி வந்தார்கள். நீ கத்திக்கொண்டே இருந்தாய், ஆனால் சிரித்துக்கொண்டே கத்தினாய். கழுவி, துடைத்து, சீப்புச் சீப்பாகப் பெட்டியில் அடுக்கி ஏற்றி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. டிரைவர் முன்சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். யாரோ சூடம் கொளுத்தினார்கள். எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டபோது ஓமனா ஒரு வாழையிலையோடு வந்தாள். இலையில் ரசகதலிச் சீப்பு ஒன்று, நன்றாகப் பழுத்து, தோல் புள்ளி விழுந்து, வாசனை தூக்குகிற பழம். அதில் இரண்டு பழத்தில் ஊதுபத்தி குத்தியிருந்தாள், புகைந்துகொண்டிருந்தது. கதவுப்பக்கத்துக் கடைசி அடுக்கின் மேலே எட்டி வைத்தாள். "கணபதி கூடப் போகட்டே" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது அவளுக்கு.

நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். என் ஆயுசு முழுக்க நான் செய்கிற வேலை அது. பச்சைக் குலையை அறையில் அடுக்கி, புகை போட்டு, கதவைச் சாத்தினால் மறுநாள் மஞ்சள். அவசரத்துக்கு ஒரு பழுத்த சீப்பை நடுவில் வைத்து மூடினாலும் போதும், பக்கத்துக் காயெல்லாம் பழுக்க ஆரம்பித்துவிடும். இது எனக்குத் தெரியும். பழத்திலிருந்து வரும் அந்த வாயுவுக்குப் பெயர் என்ன, எத்தனை துளி போதும் என்பதெல்லாம் உனக்குத் தெரியும், அதற்குத்தானே பரீட்சை எழுதினாய். பழுத்த பழம், புகை, மூடின பெட்டி, வாரக்கணக்கில் பயணம். வாழையைப் பற்றி அந்த வட்டாரத்திலேயே அதிகம் தெரிந்த இரண்டு பேர் நாம். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. "சேச்சி, அதை எடுத்திடலாமா" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? கேட்டால் அவள் முகம் என்ன ஆகும் என்று நீ நினைத்தாய். நீ கேட்பாய் என்று நான் நினைத்தேன். டிரைவர் கதவைச் சாத்தினான். சுங்க ஆபீஸ்காரர் சீல் போட்டார். சீல் விழுந்தபின் உடைத்தால் மறுபடி முதலிலிருந்து பேப்பர். லாரி கிளம்பிப் போனது, ஜனங்கள் குரவை இட்டார்கள், எனக்கு ஒருவர் லட்டு கொடுத்தார். தின்றேன்.

அதற்குப் பிறகு நீ போனும் கையுமாக அலைந்தாய். அந்தக் கப்பல் படம் காட்டுகிற ஆப்பில் ஒரு சின்ன அம்புக்குறி. விழிஞ்ஞம் துறைமுகத்தில் பெரிய கிரேன்கள் நம் கண்ணுக்கு முன்னால் நிற்கின்றன. ஆனால் அப்போது ரோடு வழியாகப் பெட்டியைக் கொண்டுபோய் ஏற்றும் வசதி அங்கே வரவில்லை. அதனால் நம் பெட்டி வடக்கே கொச்சிக்குப் போய், கப்பலேறி, திரும்பத் தெற்கே வந்து, விழிஞ்ஞத்திலேயே பெரிய கப்பலுக்கு மாறக் காத்துக் கிடந்தது. அன்றைக்கு நீ என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கோவளத்துக்கு அப்பால் ஒரு மேட்டுக்குப் போய் நின்றாய். "அப்பா, அங்க எங்கேயோதான் நம்ம பெட்டி இருக்கு" என்றாய். "கூப்பிட்டா கேக்கும் போல இருக்கு" என்று நான் சொன்னதற்கு நீ சிரிக்கவில்லை. அந்தச் சீப்பைப் பற்றி அங்கேயும் நாம் பேசவில்லை. பிறகு செங்கடல் பக்கம் சண்டை, அந்த வழியே போக முடியாது என்று கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போனது. அம்புக்குறி நகரவே இல்லை. எனக்கு உலகம் இத்தனை பெரியது என்று அப்போதுதான் தெரிந்தது.

ஐரோப்பாவில் பெட்டியைத் திறந்தவன் போட்டோ அனுப்பினான். முதல் போட்டோவில் மஞ்சளும் கறுப்புமாகப் பெட்டி பெட்டியாக ஏத்தன். இரண்டாவது போட்டோவில் கரிக்கட்டை மாதிரி சுருங்கிப்போன ரசகதலிச் சீப்பு, அதில் ஊதுபத்திக் குச்சி இரண்டு அப்படியே நிற்கிறது. கீழே என்னவோ எழுதியிருந்தான். நீ மொழிபெயர்த்துச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பணம் தர முடியாது என்று சொல்ல இன்சூரன்ஸ்காரனுக்கு அந்த ஒரு படம் போதுமானதாக இருந்தது. கப்பல் சுற்றிப் போனதால் பழுத்ததா, அந்தச் சீப்பால் பழுத்ததா, இரண்டும் சேர்ந்து செய்த வேலையா, அது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. நீ விவசாயிகளைக் கூப்பிட்டு, "கப்பல் லேட்டாயிட்டு, அதான்" என்றாய். அந்தப் படத்தை ஒருவருக்கும் காட்டவில்லை. அவர்களுக்குச் சேர வேண்டியதைக் கையில் கொடுத்துவிட்டாய். அதில் உன்னை ஒருவரும் ஒரு சொல் சொல்ல முடியாது. ஆனால் "ஒரு டிரெய்னிங்குக்குப் போறேன், வந்து பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாயே, அங்கேதான் இடிக்கிறது. அவர்கள் அந்த டிரெய்னிங் முடிவதற்காகக் காத்திருக்கிறார்கள். நீயோ ராட்டர்டாம் துறைமுகத்துப் பக்கத்தில் குளிர்க் கிடங்கில், வருகிற பெட்டிகளைத் திறந்து பார்த்து, நல்லது கெட்டது எழுதுகிற வேலையில் இருக்கிறாய். எந்த ஊர்க்காரன் வைத்த பூவையும் பொட்டையும் நீ இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறாயோ!

சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விழுங்குவது உனக்கு வெளியிலிருந்து வந்த வியாதி இல்லை. என் ரத்தம். அந்தக் கரமனை வரன் ஞாபகம் இருக்கிறதா? பையன் வந்து பார்த்துவிட்டுப் போனான், நீ அன்றைக்கே வேண்டாம் என்றுவிட்டாய். "நான் பக்குவமா சொல்லிக்கறேன்" என்று வீரமாக ஏற்றுக்கொண்டேன். அவர்கள் கூப்பிடும்போதெல்லாம் "ஜாதகம் இன்னொருத்தர்கிட்ட காட்டியிருக்கோம்" என்றேன். "சித்தப்பாவுக்கு உடம்பு சரியில்லை" என்றேன். உனக்குச் சித்தப்பாவே கிடையாது. கடைசியில் ஆற்றுக்கால் கோயில் பொங்கலுக்குத் தெருவில் உன் அம்மா அடுப்பு வைத்த இடத்துக்கு அடுத்த அடுப்பு அந்தப் பையனின் அம்மா. பானை கொதிக்கிறதோ இல்லையோ, அந்த அம்மாள் கொதித்தாள். "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்ல என்ன தடை? என் மகனுக்கு வந்த ரெண்டு இடத்தை உங்களுக்காக விட்டோம்" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கேட்டாள். உன் அம்மா வீட்டுக்கு வந்து பொங்கலை என் முன்னால் டொக்கென்று வைத்து, "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க இத்தனை மாசம்?" என்றாள். ஆமாம், கொழுக்கட்டைதான். மனிதர் முகம் வாடக் கூடாது என்று நான் செய்கிற காரியத்தில் கடைசியில் முகம் மட்டும் இல்லை, மொத்த மனுஷனும் வாடிப்போகிறான். தெரிந்தும் திருந்த முடியவில்லை. இந்த வயதில் இனி எங்கே திருந்துவது.

ஓமனாவிடம் சொல்லக் கிளம்பாமல் இல்லை. இரண்டு தடவை தம்பானூரில் பாறசாலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். ஒரு தடவை நெய்யாற்றின்கரையில் இறங்கி டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். இன்னொரு தடவை ஓமனா வீட்டு வாசல் வரை போய், அவள் புருஷனுக்கு உடம்பு எப்படி என்று விசாரித்து, அவருக்காக ஆரஞ்சுப் பழம் கொடுத்து, தண்ணீர் குடித்து வந்தேன். "மோள் எப்ப வருவா அண்ணாச்சி?" என்று கேட்டாள். "குளிர் ஜாஸ்தியாம் அங்க" என்றேன். கேட்டதற்கும் சொன்னதற்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கிறதா? அவளும் "ஐயோ, மோளுக்குக் கம்பிளி உண்டா?" என்று அந்தப் பக்கம் போய்விட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஒப்பந்தம் வந்து சேர்ந்தது. ஐரோப்பாவோடு நம் நாடு பேசி முடித்துவிட்டதாம், வரி குறையுமாம், சில சரக்குக்கு வரியே போகுமாம். டிவியில் நாள் முழுக்க அதுதான். சாலையில் நான் கடை திறப்பதற்குள் மூட்டைச் சுமடு எடுக்கிற சசி ஓடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினான். "அண்ணாச்சி, மோளுக்கு இனி லாட்டரி அல்லே! ஐரோப்பா கதவு தொறந்துட்டு!" என்றான். பருத்திக்கடைக்காரர் வந்து கேட்டார், மசாலாக்காரர் வந்து கேட்டார். "அவ சரியான நேரத்துல அங்க போயிருக்கா, புத்திசாலி" என்றார்கள். நான் எல்லாருக்கும் டீ சொன்னேன். வேறு என்ன செய்வது? அந்தக் கதவுக்குப் பின்னால் நீ சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறாய், இந்தப் பக்கம் அனுப்ப ஆள் இல்லை என்று கல்லாவில் உட்கார்ந்துகொண்டு எப்படிச் சொல்வேன்?

ஏற்றுமதிக்காரர்களுக்கு ஒரு விளக்கக் கூட்டம் என்று உன் பெயருக்கு அழைப்பு வந்திருந்தது. நீ இல்லாததால் நான் போனேன். ஹோட்டல் ஹாலில் ஏசி, திரையில் படம், கையில் ஒரு பை, பையில் பேனா. ஓர் இளம் அதிகாரி, நல்ல பையன், ஒவ்வொரு படமாக மாற்றிக் காட்டினான். நான் எழுந்து, "எங்க ஏத்தங்காய் இதுல எந்தப் பட்டியல்ல வருது சார்?" என்று கேட்டேன். "அது நான் செக் பண்ணிட்டு சொல்றேன்" என்றான். "மருந்து எவ்வளவு இருக்கலாம்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்களே, அது குறையுமா?" என்றேன். "அது வேற விஷயம் சார், அது அப்படியேதான் இருக்கும்" என்றான். "கப்பல் சுத்திப் போனா?" என்றேன். "அது ஷிப்பிங்காரங்ககிட்ட கேக்கணும்" என்றான். "எப்ப இருந்து அமல்?" என்றேன். அங்கே அவர்களுடைய சபை ஒத்துக்கொள்ள வேண்டுமாம், பிறகுதானாம். பக்கத்தில் இருந்தவர் என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். அந்தப் பையன்மேல் எனக்கு வருத்தமில்லை. அவனுக்கும் மேலே இருந்து வருகிற காகிதம்தான். பெரியவர்கள் எங்கேயோ உட்கார்ந்து தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள், நாம் பந்தியில் எந்த வரிசை என்று கேட்டுக்கொண்டு நிற்கிறோம். மத்தியானச் சாப்பாடு மட்டும் அருமை, அதை மறைக்கக் கூடாது.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா கெடு வைத்துவிட்டாள். "இன்னைக்குச் சொல்லாம வந்தீங்கன்னா நான் போய்ச் சொல்லுவேன். நான் சொன்னா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும்" என்றாள். தெரியும், அதனால் ஓடினேன். பஸ்ஸில் முழுக்க வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனேன். மகளுக்கு அங்கே நிரந்தர வேலை, இனி இந்த வியாபாரம் இல்லை, எங்களை நம்பி இருக்க வேண்டாம். மூன்று வாக்கியம். மனப்பாடம் பண்ணிவிட்டேன்.

ஓமனா என்னைக் கண்டதும் வீட்டுக்குள் கூப்பிடவில்லை. "வாங்க அண்ணாச்சி, ஒரு சாதனம் காட்டறேன்" என்று நேரே வயலுக்கு நடந்தாள். அங்கே போய்ப் பார்த்தால் வயல் முழுக்க ஏத்தவாழை. புதுக் கன்று. முழங்கால் உயரம் வந்துவிட்டது. நீ சொல்லிக்கொடுத்த அதே இடைவெளி, அதே வரிசை, வரிசைத் தலைப்பில் நீ கொடுத்த மாதிரியே பலகை. பக்கத்து வயலும் அப்படியே. அதற்கு அப்பால் உள்ளதும். "டிவியில ஒப்பந்தம்னு சொன்னாங்கல்லோ, அன்னைக்குத் தீர்மானிச்சு நட்டோம். மோள் டிரெய்னிங் கழிஞ்சு வரும்போ காய் ரெடியா நிக்கட்டே" என்றாள். எனக்கு அந்த மூன்று வாக்கியமும் எங்கே போச்சோ! வெயில்தான் உச்சந்தலையில் இறங்கியது.

"கொள்ளாமே, நல்லா வந்திருக்கு" என்றேன். இதைச் சொல்லத்தான் பஸ் ஏறி வந்தேனா?

அவள் ஒரு கன்றின் அடியில் மண்ணை அணைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள். "அண்ணாச்சி, ஒரு காரியம் மோள்கிட்ட சொல்லணும். இந்தத் தவண நாங்க உள்ளே ஒண்ணும் வைக்க மாட்டோம். பழமும் வேண்டா, பத்தியும் வேண்டா. கும்பிடறதெல்லாம் வெளியில நின்னு கும்பிட்டுக்குவோம்."

அவள் அடுத்த கன்றுக்கு நகர்ந்தாள்.

"எனக்கு அன்னைக்கு ராத்திரியே அந்தப் பழக் காரியம் ஓர்ம வந்துட்டு," என்றாள். "எங்க வீட்டுல பச்சைக்காய் பழுக்கணும்னா அரிசிப் பானையில ஒரு பழத்தைப் போட்டுத்தானே மூடுவோம். படுத்திருக்கும்போ திடீர்னு எழுந்து உக்காந்தேன். மோளைக் கூப்பிட்டுச் சொல்லலாம்னு போனை எடுத்தேன். கதவு சாத்தி லாரி போயிட்டு, இனி சொன்னா பாவம் அது மனசு கஷ்டப்படும்னு வச்சிட்டேன். மோள் அப்புறம் கப்பல் லேட்டுன்னு மட்டும் பறஞ்சா. என்னை ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா எனக்கு இத்தனை எரிச்சல் இருந்திருக்காது."

அட பகவானே, மூன்று பேர்! நீ, நான், ஓமனா. மூன்று பேருக்கும் தெரியும். ஒருவர் மனசு நோகக் கூடாது என்று மற்றவர் வாயை மூடிக்கொண்டு, அத்தனை பேர் உழைப்பையும் கடலில் அனுப்பியிருக்கிறோம். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. சிரிக்கவும் தோன்றியது. இரண்டும் வராமல் வரப்பில் நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "மோள் வராம இருக்கறது நான் அதை வச்சதுனாலயா அண்ணாச்சி?"

"சே சே, அதெல்லாம் இல்ல" என்றேன். உடனே சொன்னேன், உரக்கச் சொன்னேன். "கப்பல் சுத்திப் போச்சு. அதான் காரணம்." அவள் தலையாட்டினாள். நம்பவில்லை. என் வாயில் பொய் நிற்காது என்று அவளுக்கும் தெரியும் போலிருக்கிறது. "அப்போ வருவாளா?" என்றாள். அந்த இடத்தில் வருவாள் என்றால் பொய். வரமாட்டாள் என்றால், அவள் தன் கையால் வைத்த சீப்புதான் உன்னை நாட்டைவிட்டு ஓட்டியது என்று ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருப்பாள். நான் என்ன செய்வேன் சொல்லு. "அவளே உன்கிட்ட பேசுவா" என்றேன். அப்பா இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று ஒரு பெண்பிள்ளைக்குத் தெரியாதா? மண் கையை முண்டில் துடைத்தாள். "நட்டதை இனி பிடுங்க மாட்டோம். வரலைன்னா வேண்டா, நம்ம சாலைச் சந்தைக்கு அனுப்பிக்கலாம். ஆனா அதை மோள் வாயால கேக்கணும். என்னால இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றாள். பிறகு டீ போடப் போய்விட்டாள். குடித்துவிட்டு வந்தேன்.

உனக்குப் புத்தி சொல்ல வேண்டிய இடத்தில் இருக்கிறேன், எனக்கோ கையில் ஒன்றும் இல்லை. திரும்பி வா என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? அங்கே உனக்குச் சம்பளம், மரியாதை, ராத்திரி தூக்கம். இங்கே வந்தால் மறுபடி மருந்துக் கணக்கு, கப்பல் கணக்கு, செங்கடல், ஆப்பிரிக்கா. அந்த ஒப்பந்தத்தால் இதில் எது மாறும், எது மாறாது என்று எனக்குத் தெரியாது, அந்த ஹாலில் இருந்த யாருக்கும் தெரிந்த மாதிரியும் இல்லை. வராதே என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. நான் பார்த்த வயல் அப்படி. நீ பார்த்திருந்தால் உனக்கும் எழாது. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன், என்னிடமிருந்து கற்றுக்கொண்டதை இங்கேயே நிறுத்து. எதிரே நிற்கிறவர் முகம் கொஞ்சம் சுருங்கினாலும் பரவாயில்லை, சொல்ல வேண்டியதை அந்த நேரத்திலேயே சொல்லிவிடு. எப்படிச் சொல்வது என்று மட்டும் என்னிடம் கேட்காதே, எனக்குத் தெரிந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ கூப்பிடுவாய் என்று ஓமனாவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். திட்டுவதானால் என்னைத் திட்டு, ஆனால் அவளைக் கூப்பிடு. சீப்பைப் பற்றி முதலில் பேசு, உனக்கும் அப்போதே தெரியும் என்று அவளிடம் சொல்லு. அப்புறம் வருகிறாயா இல்லையா என்பதைச் சொல்லு. என்ன சொன்னாய் என்று எனக்கு எழுத வேண்டாம், போனிலும் சொல்ல வேண்டாம். வரமாட்டேன் என்று சொல்லியிருந்தால், அந்த வயல் முழு மூப்பு விளைந்து லாரியில் நம் கடைக்குத்தான் வந்து இறங்கும். நான்தான் எண்ணி இறக்கி வைக்க வேண்டியிருக்கும்.

உன் அப்பா